புதுப்பிப்பு: மேட்டுப்பாத்தி – பலகை பிதுங்காமல் இருக்க
8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்தில் மரப்பலகையால் அடைத்து, உள்ளே மண் நிரப்பிச் செடி வளர்க்கும் மேட்டுப்பாத்தி அமைக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதில் மூலைகளைத் திருகினால் போதும் என்று சொன்னதைத் திருத்த வேண்டும். போதாது.

32 கன அடி மண் நனைந்ததும் கனத்து வெளியே தள்ளும். 8 அடிப் பலகையின் நடுப்பகுதி வில்போல் பிதுங்கும், மூலைத் திருகுகள் இளகும். எனவே இரு நீளப் பலகைகளின் நடுவிலும் வெளிப்பக்கமாக ஒரு முளைக்கட்டையை ஒன்றரை அடி ஆழம் அடியுங்கள். இல்லையேல் இரண்டையும் குறுக்குச் சட்டத்தால் இணையுங்கள். மண் கொட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். நிரம்பியபின் பிதுங்கிய பலகை உள்ளே போகாது, மண்ணை அள்ளித்தான் ஆகவேண்டும்.

மண் மட்டம் இறங்கினால் பயப்பட வேண்டாம், மண்ணோடு கலந்த உரம் மக்க மக்க அப்படித்தான் ஆகும். அடுத்த நடவுக்கு முன் 2 அங்குலம் மக்கிய உரம் பரப்பினால் போதும். மக்காத பச்சை மரத்தூளை மட்டும் கலக்காதீர்கள்: அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடியின் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும்.

ஈர மண்ணை ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உருண்டு நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் மண்ணும் உரமும் சேர்ந்த கலவை சரி.