ஓ.எல். விஞ்ஞானம்: பௌதிகமும் இரசாயனமும் வீட்டில் மீட்டிப் படித்த கதைகளைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தைக் காகம்:

மகள் இந்த முறை ஓ.எல். எழுதுறாள், தமிழ் மீடியம். உயிரியல் பகுதியில எனக்குப் பயமில்லை. படம் கீறி, பெயர் குறிச்சு, தானாகப் படிச்சிடுவாள். பௌதிகமும் இரசாயனமும் வந்தால் கொப்பியைத் திறந்து வைச்சு மஞ்சள் பேனையால கோடு போடுறதுதான் நடக்குது. பக்கம் முழுக்க மஞ்சள், கேள்வி கேட்டால் மௌனம். உங்கட வீடுகளில என்ன செய்தீங்கள் எண்டு கேட்கத்தான் இதை எழுதுறன். முதல்ல எங்கட கதை.

திணிவுக்கும் நிறைக்கும் என்ன வித்தியாசம் எண்டு கேட்டன். "திணிவு கிலோகிராம், நிறை நியூட்டன்" எண்டு டக்கெண்டு பதில் வந்தது. அப்ப நிறை பார்க்கிற மெஷின் ஏன் கிலோகிராம் காட்டுது எண்டு கேட்டன். முழிச்சாள்.

எங்கட மாடியில லிஃப்ட் இருக்கு. அதுக்குள்ள பழைய முள் மெஷினைக் கொண்டுபோய் வைச்சு அவளை ஏற்றினன். (டிஜிட்டல் மெஷின் இதுக்குச் சரிவராது. பெரும்பாலானவை ஒருக்கா எண்ணைக் காட்டினால் அதிலயே நிண்டிடும்.) லிஃப்ட் மேல கிளம்பேக்க 50இல நிண்ட முள் 54, 55 பக்கம் துள்ளினது. கொஞ்சத்தில திரும்ப 50. நிக்கப்போகேக்க 46க்கு இறங்கினது. அவள் கொப்பியோட நிண்டு எல்லாத்தையும் குறிச்சாள். திணிவு மாறேல்ல, மெஷினை அவளின்ர கால் அழுத்துற விசைதான் மாறினது. அந்த விசையை மெஷின் கிலோகிராமாக்கி எழுதுது, அவ்வளவுதான். லிஃப்டின்ர ஆர்முடுகல் (செக்கனுக்குச் செக்கன் வேகம் கூடுற அளவு) 1, புவியீர்ப்பின்ர ஆர்முடுகல் 10 எண்டு வைச்சால், ரெண்டும் சேர்ந்து 11. 50 தர 11, 550 நியூட்டன். பத்தால பிரிச்சால் 55. கணக்கும் முள்ளும் ஒத்துப்போனதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு.

நடுவில ஒரு அன்ரி ஏறினா. "என்ன பிள்ளை, மேல போனால் மெலியலாமெண்டோ?" எண்டா. "இல்லை அன்ரி, கிளம்பேக்க கூடும், நிக்கேக்க குறையும், கீழ போகேக்க மறுவளம்" எண்டு இவள் தொடங்க, அன்ரி தன்ர மாடியில இறங்காமல் கேட்டுக்கொண்டே கீழ வந்திட்டா.

கொட்டாஞ்சேனைக் கம்பஸ் பொடியன்:

நான் பக்கத்து வீட்டுத் தம்பிமார் சிலருக்கு மாலையில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். இயக்க வரைபுகளில் எல்லாரும் விழும் குழி ஒன்றுதான். கோடு கிடையாக இருந்தால் "பொருள் ஓய்வில் இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். இடப்பெயர்ச்சி–நேர வரைபில் அது சரி. வேக–நேர வரைபில் அதே கிடைக்கோட்டுக்கு அர்த்தம், சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது. அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கோட்டைப் பார்க்கிறார்கள்.

ஒரு தம்பியைக் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலோர சீட். பஸ் கிளம்பினால் கோட்டை மேலே இழு, ஒரே சீராகப் போனால் கிடையாக இழு, பிரேக் பிடித்தால் கீழே இழு என்றேன். காலி வீதியில் கிடையாக இழுக்கக் கிடைத்தது கொஞ்சம்தான், படம் முழுக்க மலைத்தொடர். கொண்டக்டர் எட்டிப் பார்த்து இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். டிரைவர் பிரேக் பிடிக்கும் விதம் என்று தம்பி சொன்னதும், அதை முன்னுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து எண் போட்டுச் செய்தோம். 5 செக்கனில் வேகம் பூச்சியத்திலிருந்து செக்கனுக்கு 10 மீற்றர் ஆகிறது, 10 செக்கன் அப்படியே ஓடுகிறது, பிறகு 4 செக்கனில் நிற்கிறது. முதற் கோட்டின் சாய்வு ஆர்முடுகல், அதாவது 2. வரைபின் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி: 25, 100, 20, மொத்தம் 145 மீற்றர். சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை, முக்கோணமும் செவ்வகமும் போதும். டியூஷனில் அச்சடித்துக் கொடுக்கும் சூத்திரத் தாளை நான் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துவிடுவேன். அது கையில் இருந்தால் யோசிக்கவே மாட்டார்கள்.

முதலாம் குறுக்குத் தெரு வாப்பா:

புறக்கோட்டையில மின்சாமான் கடையில வேலை. மகனுக்கு மின்னியல் பாடம் வந்தா என்னட்டத்தான் வாறான். ஒரு சனிக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து கவுன்டருக்குப் பின்னால இருத்தினேன். வாற சாமான் எல்லாத்திலயும் ஒட்டியிருக்கிற லேபலை வாசிச்சு எத்தனை அம்பியர் எடுக்கும் என்று கணக்குப் பார்க்கிறதுதான் அவன்ட வேலை. நம்ம வீட்டுக்கு வாறது 230 வோல்ற்று. 2000 வாற்றுக் கேத்தல் என்றால் 8.7 அம்பியர், தடை கிட்டத்தட்ட 26 ஓம்.

ஒரு அம்மா வந்து நாலு ஓட்டை எக்ஸ்டென்ஷன் ஒன்று கேட்டாங்க. கேத்தல், ரைஸ் குக்கர், அயன் மூன்றையும் அதிலயே போடப்போறாங்களாம். மகன் கொப்பியில எழுதினான்: 2000, 700, 1000, கூட்டினா 3700 வாற்று, 230 ஆல் பிரிச்சா 16 அம்பியர். எக்ஸ்டென்ஷன் தாங்கிறது 13. "அன்ரி, மூன்றையும் ஒரே நேரத்தில போட வேணாம், வயர் சூடாகிடும்" என்று சொல்லிட்டான். எனக்கு வியாபாரம் போச்சோ என்று ஒரு யோசனை. அவங்க எக்ஸ்டென்ஷனையும் வாங்கி, அவனுக்கு ஒரு டொஃபியும் குடுத்துட்டுப் போனாங்க.

சமாந்தரமா இணைக்க இணைக்க மொத்தத் தடை குறையும், மின்னோட்டம் கூடும் என்றதைப் புத்தகத்தில ஆயிரம் தரம் வாசிச்சாலும் அவனுக்கு ஏறல்ல. "தடையைச் சேர்த்தா எப்படி வாப்பா குறையும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் மருதானை ஸ்டேஷனைச் சொன்னேன். கேட் ஒன்று திறந்திருந்தா சனம் நெரிபடும், பக்கத்தில இன்னொரு கேட்டைத் திறந்தா கூடுதலான சனம் போகும், கேட் கூடினதால நெரிசல் கூடல்லதானே. அதுக்குப் பிறகு கேட்கல்ல.

ஒரு விஷயம், எம்.சி.பி.யையும் ட்ரிப் சுவிச்சையும் பெரியவங்களே குழப்புறாங்க. ஓட்டம் அளவுக்கு மிஞ்சினாலோ ஷோர்ட் ஆனாலோ விழுறது எம்.சி.பி. உயிர்க்கம்பியால போன ஓட்டம் நடுநிலைக் கம்பியால முழுசாத் திரும்பி வராம எங்கயோ ஒழுகினா விழுறது ட்ரிப் சுவிச். ஆளுக்கு ஷொக் அடிக்கிற நேரம் காப்பாத்துறது ரெண்டாவது.

ஓய்வில் ஒரு டீச்சர், தெஹிவளை:

லிஃப்ட் பிள்ளைக்கு என் பாராட்டு. முதற் பத்திரத்தில் 40 கேள்விகள், ஒரு மணித்தியாலம், கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். பாஸ்ட் பேப்பர் செய்யும் பிள்ளைகள் விடையை மார்க்கிங் ஸ்கீமோடு ஒப்பிட்டுச் சரி போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடுகிறார்கள். என் பேரனை நான் அப்படி விடுவதில்லை. சரியான விடையைச் சொன்னால் போதாது, மற்ற மூன்றும் ஏன் பிழை என்றும் சொல்ல வேண்டும். பிழையான விடைகளைச் சும்மா எழுதிவைப்பதில்லை, ஒவ்வொன்றும் பிள்ளைகள் வழக்கமாக விடும் ஒரு பிழையிலிருந்து எடுத்தது. அலகைப் பார்த்தே ஒன்றிரண்டைத் தள்ளிவிடலாம்.

ஒளி முறிவு படிக்கும் நேரம் பேரனைக் காலி முகத்திடலுக்குக் கூட்டிப்போனேன், இஸ்ஸோ வடை வாங்கித் தருவேன் என்று சொல்லித்தான். சூரியன் கடலைத் தொடும்போது, "இப்போது சூரியன் உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது" என்றேன். நம்பவில்லை. வளிமண்டலத்தில் கீழே வரவர அடர்த்தி கூடும், அதனால் கதிர் கீழ்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது, சூரியனை ஏறத்தாழ இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பார்க்கிறோம். அதோடு அந்த ஒளி புறப்பட்டு எட்டு நிமிஷத்துக்கு மேலாகிறது. பக்கத்தில் பட்டம் விற்றுக்கொண்டிருந்த பையன், "அப்ப நாம பார்க்கிறது பழைய சூரியனா?" என்று கேட்டான். பேரனைவிட அவன் நல்ல கேள்வி கேட்டான் என்று எனக்குப் பட்டது. அதைச் சொன்னதற்குப் பேரன் வீடு வரும்வரை கோபம்.

ஐப்பசி, கார்த்திகைப் பின்னேர இடி மழையையும் வீணாக்க வேண்டாம். வீட்டுக்குள் இருந்தே, மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள செக்கன்களை எண்ணி 340 ஆல் பெருக்கினால் எத்தனை மீற்றர் தூரம் என்று வரும்.

பேப்பர் கிளாஸ் தப்பி:

நானும் இந்த முறை எழுதுறன். எனக்கு மூல் கணக்குத்தான் பயம். போன கிழமை அக்கா 18 மில்லிலீற்றர் தண்ணியை அளந்து ஒரு கப்புக்குள்ள விட்டு, "இதுதான் ஒரு மூல்" எண்டா. மேசைக்கரண்டி ஒண்டைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதுக்குள்ள 6.022 தர பத்தின் 23ஆம் அடுக்கு மூலக்கூறாம். குடிச்சிட்டன்.

டீச்சர், ஒரு கேள்வி. எங்கட பல்கணி கடல் பக்கம், கிரில் எல்லாம் கறள் பிடிச்சு உதிருது. கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேணும் எண்டதை வீட்டில செய்து பார்க்கலாமோ?

ஓய்வில் ஒரு டீச்சர், தெஹிவளை:

தாராளமாக. நாலு போத்தல் எடுங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆணி. ஒன்றில் சாதாரண நீர். இரண்டாவதில் நன்றாகக் கொதிக்கவைத்த நீர், மேலே தேங்காய் எண்ணெய் ஒரு படை. கொதிக்கும்போது கரைந்திருந்த வளி வெளியேறிவிடும், ஆறும்போது திரும்பக் கரையாமல் எண்ணெய் தடுக்கும். ஆகவே நீர் ஆறமுதலே ஆணியைப் போட்டு எண்ணெயை விட்டுவிடுங்கள். மூன்றாவது உலர்ந்த போத்தல், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற் இரண்டு மூன்றைப் போட்டு இறுக மூடுங்கள். நாலாவதில் உப்பு நீர், உங்கள் பல்கணிக்காக.

முதலாம் குறுக்குத் தெரு வாப்பா:

ஆணி வாங்கும்போது சாதாரண கம்பி ஆணி என்று கேட்டு வாங்குங்க மகள். நாகம் (சிங்க்) பூசின ஆணியைத் தந்தா நாலு போத்தலிலயும் கறளைக் காணமாட்டீங்க. புது ஆணியில எண்ணெய்ப் பசை இருக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாண்ட் பேப்பரால ஒருக்கா உரசிட்டுப் போடுங்க.