பிலடெல்பியா ஃபெடரல் தடுப்பு மையத்தில் தம்பி: முதன்முறை பார்க்கப் போகிறேன்

தேன்மொழி:
வணக்கம். என் தம்பியை ஒரு பண மோசடி வழக்கில் கைது செய்து பிலடெல்பியா ஃபெடரல் தடுப்பு மையத்தில் வைத்திருக்கிறார்கள். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. நான் நியூஜெர்சியில் எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) இருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். புளியோதரையும் அம்மா அனுப்பிய பழனி விபூதியும் கொண்டுபோகலாமா? எட்டு வயது மகளை அழைத்துப் போகலாமா? போனில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அம்மா ஊரில் சாப்பிடாமல் கிடக்கிறார்.

எடிசன் குமார்:
நேராகக் கிளம்பிவிடாதீர்கள் சகோதரி. தம்பியைப் பார்க்க வரலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். அதை அவர்தான் உள்ளேயிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். உடன்பிறந்தவர் என்பதால் நண்பர்களைவிட எளிதாகக் கிடைக்கும். ஃபெடரல் சிறைத் துறையின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினால் எட்டு இலக்கப் பதிவு எண் வரும். கடிதம், பணம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள். பெயர் ஏறிவிட்டதா என்று அவரிடமே உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.

மங்கையர்க்கரசி:
தேன்மொழி, என் கணவர் வேறொரு மாநிலத்தில் இதே போன்ற மையத்தில் விசாரணைக் கைதியாக இருந்தார். அதனால் சொல்கிறேன்.

விபூதியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கைப்பையின் மூலையில் பழைய பொட்டலம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் உதறிப் பாருங்கள். போதைப்பொருள் துகள் இருக்கிறதா என்று வருகிறவர்களின் கையைத் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்ப்பது உண்டு. அந்த இடத்தில் பொட்டலம் கட்டிய வெள்ளைப் பொடிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். சாப்பாடும் உள்ளே போகாது. வெளியிலிருந்து எதையும் அவன் கையில் கொடுக்க முடியாது. பார்வையாளர் அறையில் காசு போட்டு எடுக்கும் தின்பண்ட இயந்திரம் இருந்தால் அதிலிருந்து வாங்கி இருவரும் சாப்பிடலாம். எவ்வளவு காசு கொண்டுபோகலாம் என்பதைப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலை வேண்டாம். இடுப்பும் கையும் தெரிகிறது என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடு போக வேண்டியிருக்கும். கெட்டித் துணியில், கை வைத்த சுடிதார் போதும். மெல்லிய துப்பட்டா, காக்கி, ராணுவப் பச்சை எதுவும் வேண்டாம். வளையல், கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். என் தாலிக்கொடிக்கு உலோகச் சோதனை வாசல் ஒவ்வொரு முறையும் கத்தும். பெண் காவலர் கையால் தடவிப் பார்த்துவிட்டு விடுவார். அந்த நிமிடம் உடம்பு கூசும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள். பதினாறு வயதுக்குக் கீழே என்றால், பெற்றோருடன் வரும்போது அடையாள அட்டை தேவையில்லை. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். மாமாவை வந்ததும் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை கட்டிக்கொள்ளலாம், நடுவில் மடியில் ஏறக்கூடாது என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காவலர் அதட்டினால் குழந்தை மிரண்டுவிடும்.

இப்போது முக்கியமானது. தம்பி பேச்சை மாற்றுகிறான் என்றால் அவன் விவரமாக இருக்கிறான் என்று அர்த்தம். போன் முழுக்கப் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்கும். "ஏன்டா அந்தப் பணத்தை வாங்கினாய்" என்று அக்கா பாசத்தில் கேட்கும் ஒரு வாக்கியம் நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக எழுந்து நிற்கும். நேரில் பார்க்கும்போதும் வழக்கைத் தொடாதீர்கள். அதை அவன் பேச வேண்டியது வக்கீலிடம். அந்தச் சந்திப்புக்குத்தான் ரகசியப் பாதுகாப்பு உண்டு. உங்களுக்குத் தெரிய வேண்டியதையும் வக்கீலிடம் கேளுங்கள். அவனிடம் அம்மா உடம்பைப் பற்றியும் ஊர் மழையைப் பற்றியும் பேசுங்கள். உள்ளே இருப்பவனுக்கு அதுதான் பசி.

தேன்மொழி:
அக்கா, மிக்க நன்றி. இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. போன வாரம் அவனைத் துருவித் துருவிக் கேட்டேன், இனிக் கேட்க மாட்டேன். என் விசாவால் ஏதும் பிரச்சினை வருமா?

எடிசன் குமார்:
விசா செல்லுபடியாக இருந்தால் பயப்பட வேண்டாம். அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், நகல் செல்லாது. ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவின் அச்சுப் பிரதியும் இருக்கட்டும். விசா காலாவதியான உறவினர் யாராவது கூட வருவதாக இருந்தால் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் அழைத்து வராதீர்கள். தம்பி இந்தியக் குடிமகன் என்றால் நியூயார்க் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை அவருக்கு தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. வேண்டுமா என்பதை அவரும் வக்கீலும் முடிவு செய்யட்டும்.

மங்கையர்க்கரசி:
இன்னொன்று. விதிப்படி மாதத்துக்குக் குறைந்தது 4 மணி நேரச் சந்திப்பு உண்டு. ஆனால் உள்ளே ஏதாவது தகராறு என்றால் கைதிகள் எல்லாரையும் அறைக்குள் பூட்டிவிட்டுச் சந்திப்பை ரத்து செய்துவிடுவார்கள். கிளம்புகிற அன்று காலையில் மறுபடியும் போன் செய்யுங்கள். செல்போனைக் காரிலேயே விட்டுவிட்டு, பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள்.