எஞ்சின் நின்றது டீசலாலா, கரண்டாலா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராமேஸ்வரம், விசைப்படகு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகை எடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கட்டிக் கிடந்த எஞ்சின், கிளப்பியதும் ஓடத்தான் செய்தது. கொஞ்ச தூரம் போனதும் டக்கென்று நின்றது. திணறல் இல்லை, புகை இல்லை, சத்தம் இறங்கவும் இல்லை. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கதை.

கரையில் பார்த்த மெக்கானிக் டீசல் கோளாறு என்றார். ஃபில்டர் மாற்றினார், டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பைப் பிரித்துப் பூட்டினார். செலவுதான் ஏறியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. டீசல் வரத்து குறைந்தால் எஞ்சின் முதலில் திணறும், வேகம் ஏறி இறங்கும், அப்புறம்தான் அடங்கும். சுவிட்சை அணைத்த மாதிரி நிற்காது.

எங்கள் எஞ்சினை நிறுத்த இழுவைக் கம்பி கிடையாது, பம்ப்பில் சோலனாய்டு என்ற கரண்டில் இயங்கும் அடைப்பான் இருக்கிறது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அதற்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். கரண்ட் அறுந்தால் அது டீசலை மூடிவிடும். ஆக, எஞ்சின் நிற்பது டீசல் கிடைக்காமல்தான், ஆனால் கோளாறு வயரில். மெக்கானிக் சொன்னது பாதி சரி, அந்தப் பாதிதான் எங்களை அலைய வைத்தது.

வயரைச் சோதிக்க மீட்டர் வைத்தோம், 25 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டும். 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றை சோலனாய்டு முனையில் கொடுத்தோம். மங்கலாக எரிந்தது. வயரை வளைத்தால் அணைந்தது. மேல்தோலை உரித்தால் உள்ளே செம்புக்குப் பதில் பச்சைப் பொடி. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் வயரைப் போட்டிருக்கிறார்கள். உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? வெள்ளீயம் பூசிய இழை வயர் கிடைக்கிறது, விலை கூடத்தான். அதையே போட்டு, முனையை இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைத்து, மேலே சூடாக்கினால் சுருங்கும் பசைக் குழாய் ஏற்றிவிட்டோம். எஞ்சின் இப்போது நிற்பதில்லை.

நாகப்பட்டினம்

அண்ணே, எங்கள் கதை அப்படியே தலைகீழ். கரையோரம் மணிக்கணக்கில் ஓடும். கடல் கொஞ்சம் புரண்டால் எஞ்சின் பலம் இழந்து, திணறி நின்றுவிடும். படகு ஆடும்போது மட்டும் வருகிறதே, எங்கோ வயர் லூஸ் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் எல்லாம் சுரண்டிப் பூட்டினார், பயனில்லை.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். கொஞ்ச நேரம் வைத்ததும் கீழே தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். டீசலும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வளரும் கிருமிதான் அது. டேங்க்கை அரைகுறையாக வைத்துக் கட்டிப்போட்டால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் வியர்த்து அடியில் இறங்கும். அமைதியான கடலில் அது அடியிலேயே கிடக்கிறது. அலை வந்தால் கலங்கி உறிஞ்சு குழாயில் ஏறுகிறது.

சந்தேகம் தீர ஒரு வேலை செய்தோம். டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் ஊற்றிய கேனிலிருந்து நேராகப் பம்ப்புக்குக் கொடுத்தோம். அதே அலையில் எஞ்சின் முனகாமல் ஓடியது. பிறகென்ன, டேங்க்கை இறக்கிக் கழுவினோம். என்னைக் கேட்டால் எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் இந்தக் கேன் சோதனையைச் செய்துவிட வேண்டும். காசு இல்லாத சோதனை, யாரும் செய்வதில்லை!

இன்னொன்று. டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் குழாய் கசிந்தால் வெளியே ஒரு சொட்டு டீசல் கூட வராது, காற்றுதான் உள்ளே போகும். காய்ந்த குழாய்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். நடுவில் ஒரு அடி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போட்டுப் பாருங்கள், குமிழ் ஓடினால் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் வள்ளங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு (அவுட்போர்ட்) எஞ்சின்தான் கூட. கயிறு இழுத்துக் கிளப்புகிறது. பற்றரி இல்லை, அதனால் கரண்ட் பிரச்சினையும் இல்லை என்று நினைப்பார்கள். பற்றரி இல்லாவிட்டாலும் பறக்கும் சக்கரத்துக்கு (ஃப்ளைவீல்) கீழே காந்தமும் காயிலும் இருக்கிறது, பொறி அதிலிருந்துதான் வருகிறது.

ஒருநாள் எவ்வளவு இழுத்தும் எஞ்சின் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. எண்ணெய் வருகிறது, பொறி இல்லை என்று அதிலேயே தெரிந்தது. காய்ந்திருந்தால் எண்ணெய்ப் பக்கம் தேடியிருப்பேன். அடுத்து, கையில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு இருக்கிறதல்லவா, அந்த நிறுத்தும் சுவிச்சின் வயரை எஞ்சினில் கழற்றிவிட்டு இழுத்தேன். உடனே பொறி. சுவிச்சுக்குள் உப்பு ஏறி, எப்போதும் “நிறுத்து” என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படிக் கழற்றி ஓட்டினால் கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேணும். கரைக்கு வந்துசேர மட்டும் அப்படி ஓட்டலாம், தொழிலுக்கு வேண்டாம் அண்ணை. ஆள் கடலில் விழுந்தால் வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும்.

எண்ணெய்க் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழைக் கவனியுங்கோ. எஞ்சின் ஓடும்போது அது உள்ளே ஒட்டிக்கொண்டால் ரேங்கின் மூடியில் உள்ள காற்றுத் துளை மூடியிருக்கிறது, அல்லது ரேங்குப் பக்கம் எங்கோ அடைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாவிட்டால் காற்று போகிறது, இல்லாவிட்டால் குமிழின் வால்வு கெட்டுவிட்டது. எஞ்சின் தளரும்போது குமிழை அமுக்கினால் பலம் வருகிறதா? பம்ப்பின் மெல்லிய சவ்வைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் நிறுத்துவதற்கு முன் சற்று நேரம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டிவிடுங்கள், அடுத்த நாள் காலையில் கை நோகாது.

சென்னை

நான் வைத்திருப்பது நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான படகு எஞ்சின் கையேடுகளில் 10 சதவீதம் வரைதான் சொல்லியிருக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், உறிஞ்சு குழாயும் அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்பரேட்டரை வடித்துவிடுங்கள்.

அப்புறம், பொறி வருகிறதா என்று பார்க்கும் முன் படகுக்குள் அடிப்பகுதியில் பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், அடியில்தான் தேங்கும். டீசல்காரர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

கடலூர்

அண்ணன்களே, ஒரு சந்தேகம். ஃபில்டர் மாற்றிய பிறகு காற்று எடுக்க ஃபீட் பம்ப்பின் கை நெம்பை அடிக்கிறேன். நெம்பு தொளதொளவென்று ஆடுகிறது, டீசல் ஏறவில்லை. பம்ப் போய்விட்டதா? புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

நாகப்பட்டினம்

வாங்காதே தம்பி. பம்ப்பைத் தள்ளும் கேம் உச்சியில் நின்றிருந்தால் நெம்புக்குத் தள்ள ஒன்றுமிருக்காது. எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பார், கைக்குப் பிடிமானம் கிடைக்கும். முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்து. நுரை நின்று டீசல் கெட்டியாக வந்ததும் மூடு. அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் திருகு. அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடி, ஆனால் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடலூர்

சுற்றிவிட்டு அடித்தேன், டீசல் வந்துவிட்டது. நன்றி அண்ணே.