மறுமொழி: ‘கூட்டுத் தண்டனை’க்கு வேறு சொல்

அனைவருக்கும் வணக்கம். சிலர் செய்ததற்காக ஒரு மக்கள் கூட்டத்தையே தண்டிப்பதைத் (collective punishment) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பத்திரிகைகள் எல்லாம் ‘கூட்டுத் தண்டனை’ என்றே எழுதுகின்றன. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

தக்கலை வக்கீல் அண்ணன் கேட்பது நியாயம்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டுச் சதி, கூட்டுக் கொள்ளை, கூட்டுப் பொறுப்பு என்று ‘கூட்டு’ வந்தாலே சேர்ந்து செய்தவர்கள் என்ற பொருள் வந்துவிடுகிறது. இங்கே விஷயம் நேர் எதிர். கூட்டாகப் பொறுப்பாக்க முடியாத மக்களை, சில தனி ஆட்கள் செய்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் போர் நடத்தும் முறை பற்றிய 1907 ஹேக் விதிகளின் 50ஆம் பிரிவு. 1942இல் நாஜி உயர் அதிகாரி ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழியாக, செக் நாட்டின் லிடிசே கிராமத்து ஆண்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள், பெண்களை முகாமுக்கு அனுப்பினார்கள், ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்த மக்கள் எதைக் ‘கூட்டாக’ச் செய்தார்கள்? அவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும் சொல்லிலேயே குற்றத்தின் சாயல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

‘மொத்தத் தண்டனை’ என்றால் எத்தனை வருஷம் ஜெயில் என்ற கணக்காகிவிடும். ‘ஊர்த் தண்டனை’ நம் மாவட்டத்துக்குச் சரிவராது. கடற்கரைப் பக்கம் சொன்னால் ஊர்க்கூட்டம் போட்ட தண்டம் என்று நினைப்பார்கள்.

என் பரிந்துரை: கூண்டோடு தண்டித்தல். ‘கூண்டோடு கைது’ என்று தினமும் படிக்கிறோம். யார் செய்தது, யார் செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாரையும் அள்ளுவது அதில் அப்படியே இருக்கிறது. ‘தண்டனை’ என்றால் கோர்ட் தீர்ப்புதான் மனதில் வரும். போர்க் காலத்தில் பொதுமக்களைக் காக்கும் 1949 நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு தடுப்பதோ தீர்ப்பை மட்டுமல்ல. ஒருவன் செய்ததற்காக அவன் குடும்பத்தின் வீட்டை இடிப்பதும், தெருவுக்கே தண்ணீரை நிறுத்துவதும் அதில் அடங்கும். அதனால்தான் ‘தண்டித்தல்’ என்கிறேன்.

பேச்சுமொழி வாடை அடிக்கிறது என்று டீச்சர் எழுதியிருந்தீர்கள். அடிக்கட்டும் டீச்சர். இந்த ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் அனைவரும் அறியச் செய்ய வேண்டும் என்று அதன் 144ஆம் பிரிவே சொல்கிறது. குளச்சல் சந்தையில் நிற்பவருக்கு விளங்காத சொல்லை வைத்து அதை எப்படிச் செய்வது?

அப்புறம் ஒன்று. அதே 33ஆம் பிரிவு, எதிரி போர்ச் சட்டத்தை மீறியதற்கு ஈடாக அவன் தரப்பு மக்கள்மீது கை வைப்பதையும் தனியாகத் தடுக்கிறது. ‘பதிலடி’ என்றால் சண்டையில் திருப்பி அடிப்பதும் அதற்குள் வந்துவிடும், அது தடைசெய்யப்பட்டதல்ல. மக்கள்மீது இப்படிக் கை வைப்பதற்கு (reprisal) யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.