பாஸ் ஆன பரீட்சை இருபது நாள் கழித்துச் செல்லாமல் போன கதை

கிளவுட் சர்டிஃபிகேஷன்தான், இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர் வசதிகளைக் கையாளத் தெரியும் என்று காட்டும் சான்றிதழ். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, முடிந்த கேஸை மறுபடி கிளற விருப்பமில்லை.

வீட்டிலிருந்தே எழுதினேன். மேசையைத் துடைத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றச் சொன்னார்கள், அதையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரப் பரீட்சையை 50 நிமிடத்தில் முடித்தேன். அப்போது அது பெருமையாக இருந்தது. மறுநாள் பேட்ஜ், அதாவது ஆன்லைன் சான்று, வந்தது, லிங்க்ட்இன்னில் போட்டேன், மேனேஜர் டீம் மீட்டிங்கில் சொல்லிக் கைதட்ட வைத்தார், பரீட்சைக் கட்டணத்துக்கான வவுச்சர் பணத்தையும் ஆபீஸ் கொடுத்துவிட்டது.

இருபதாவது நாள், மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தால் மெயில். உங்கள் முடிவின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய முடியவில்லை, எனவே முடிவு ரத்து. பேட்ஜ் லிங்கைத் தட்டினேன், பக்கம் காலி.

அன்று ராத்திரி 11 மணிக்கு நான் எழுதிய மெயிலை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. 9 வருட அனுபவம், வாழ்க்கையில் பிட் அடித்ததே இல்லை, குடும்பம், மரியாதை என்று நாலு பத்தி. ஒரு வாரம் கழித்து அதே பழைய வாசகத்தை இரண்டு வரியில் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு அண்ணன், இந்த மாதிரி ஏற்கெனவே ஒன்றைப் பார்த்தவர், மெயிலை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதுல எங்கப்பா உன்னைத் திருடன்னு சொல்லியிருக்கான்?" உண்மைதான், சொல்லவே இல்லை. பரீட்சைக்கு முன்னால் நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டும் ஒப்பந்தத்தில், புள்ளிவிவரத்தில் சந்தேகம் வந்தாலே முடிவை ரத்து செய்யலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். காப்பி அடித்தாய் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சந்தேகம் எப்படி வருகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விநாடி எடுத்தோம் என்பது பதிவாகிறது. வெளியே கசிந்துபோன பழைய கேள்விகளுக்கு 15 விநாடியில் சரியான விடை, புதிதாகச் சேர்த்த கேள்விகளில் தடுமாற்றம் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். சில இடங்களில் இன்னொரு வேலையும் செய்வார்களாம்: டம்ப்பில், அதாவது கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பில், தப்பான விடையோடு சுற்றும் கேள்வியைக் கண்காணித்து, அதே தப்பை யார் அப்படியே போடுகிறார்கள் என்று பார்ப்பது.

இங்கே நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 'பிராக்டிஸ்' என்று ஒரு பிடிஎஃப் சுற்றியது. கடைசி இரண்டு நாள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாடல் கேள்வி என்றுதான் நினைத்தேன் என்று சொல்லலாம், பாதி உண்மை. பரீட்சையில் பத்துக் கேள்வி அச்சு அசலாக வந்தபோது மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது, அதையும் மீறி மடமடவென்று தட்டிக்கொண்டே போனேன்.

இரண்டாவது அப்பீலை ஒரே பக்கத்தில் எழுதினேன். கேஸ் நம்பர், பரீட்சைத் தேதி, பதிவு எண். அப்புறம் மூன்றே கேள்வி: ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் ரத்து செய்தீர்கள், ப்ராக்டர் (கேமரா வழியே கண்காணிப்பவர்) ஏதாவது குறிப்பு எழுதியிருக்கிறாரா, எனக்குத் தடை உண்டா. பயிற்சி லேப்பில் வேலை செய்த பதிவுகளையும் மாதிரித் தேர்வு மதிப்பெண்களையும் சேர்த்தேன். அந்தச் சான்றிதழ் ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 அங்கீகாரம் பெற்றது; ஆட்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கான சர்வதேசத் தரம் அது. அந்த விதிப்படி முதல் முடிவை எடுத்தவர்களே அப்பீலையும் பார்க்கக் கூடாது, அதையும் ஒரு வரியில் கேட்டேன். பதில் வர ஐந்து வாரம். ரத்து ரத்துதான், ஆதாரம் காட்ட முடியாது, தடை இல்லை, டெஸ்ட் சென்டரில் ஒருமுறை இலவசமாக எழுதலாம். ஆதாரத்தைக் காட்டாததில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. காட்டினால் அடுத்தவன் தப்பிக்கக் கற்றுக்கொள்வான் என்பது அவர்கள் பக்கத்து வாதம். அதற்காக மாட்டிக்கொண்டவன் எதற்கென்று தெரியாமலே நிற்க வேண்டுமா?

போனேன், எழுதினேன், இந்தத் தடவை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மதிப்பெண் குறைவு, பாஸ்.

*

மேலே எழுதியவர் கதை போல இல்லை, என்னுடையது வேற மாதிரி. பரீட்சை நடக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். அம்மா காபி டம்ளரோடு கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். கேமராவில் இன்னொரு முகம். அப்பீலில் நான் செய்த ஒரே நல்ல காரியம், சாட்டில் ப்ராக்டரிடம் அந்த நிமிடமே "அம்மா தெரியாமல் வந்துவிட்டார்" என்று எழுதியது. அது பதிவில் இருந்ததால் நாலு நாளில் வேறு தேதி கொடுத்தார்கள். கேள்வியை முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் எழுதவே எழுதாதீர்கள், அதற்கும் எச்சரிக்கை வாங்கினேன்.

*

முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு: எனக்கும் அதே மெயில், இன்றோடு 17 நாள். ஆன்சைட்டுக்கு, அதாவது வாடிக்கையாளர் இடத்துக்கே போய்ச் செய்யும் வேலைக்கு, இந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எப்போது சொன்னீர்கள்?

*

மெயில் வந்த மறுநாளே சொல்லிவிட்டேன் தம்பி. அந்த கிளவுட் நிறுவனத்தின் பார்ட்னராக ஆபீஸ் வைத்திருக்கும் கணக்கில் என் பேட்ஜையும் சேர்த்துக் காட்டியிருந்தார்கள், நான் சொல்லாவிட்டாலும் அவர்களுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கே போய்ச் சொல். மெயிலையும் காட்டு.