யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) முகாம்ல உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

சின்னவன்:
அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், 11 வருஷமா மாத்திரை. பெரியாஸ்பத்திரி முகாமுக்கு கூட்டிட்டுப் போனேன், காலைல 7 மணிக்கே டோக்கன், அதெல்லாம் உங்களுக்கே தெரியும். டாக்டர் "வேலைக்குப் போறீங்களா"ன்னு கேட்டாரு, இவன் டக்குனு "போறேன் சார், லேத்து பட்டறை"ன்னுட்டான். பட்டறைய விட்டு 9 வருஷம் ஆச்சு. அன்னைக்குன்னு பாத்து தானாவே ஷேவ் பண்ணி, என் கல்யாணத்துக்கு எடுத்த சட்டைய டக்-இன் பண்ணிட்டு வந்திருந்தான். அந்த முகத்தப் பாத்துட்டு நான் எப்படி இல்ல சார்னு சொல்றது? வாயே திறக்கல. குறைபாடு 40 சதவீதத்துக்கு கீழன்னு போட்டு அனுப்பிட்டாங்க.

தேனி அக்கா:
தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பேசியிருக்கணும். வெக்கப்பட்டா ஒண்ணும் நடக்காது. என் பையனுக்கு மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடும் இருக்கு, அரசாங்கப் பராமரிப்புப் பணம் மாசம் 2000 வருது, 2023க்கு முன்னாடி 1500தான். ஒரு தடவ உயிர்வாழ் சான்றுக்கு மெஷின்ல விரல் வைக்கச் சொன்னாங்க. அவன் கை மூடுனா மூடுனதுதான், நான் ஒவ்வொரு விரலா பிரிக்கிறேன், அவன் நான் விளையாடுறேன்னு நெனச்சு கெக்கெக்கென்னு சிரிக்கிறான், பின்னாடி நின்ன ஆளு "சீக்கிரம்மா"ங்குறார்.

ரிட்டயர்டு கிளார்க்:
என் மச்சினனுக்கும் இதே கதைதான், அது இருக்கட்டும். மனநோயால எவ்வளவு குறைபாடுன்னு அளக்கப் போடுறது ஐடியாஸ் ஸ்கேல். தன்னைப் பாத்துக்கறது, மத்தவங்களோட பழகறது, பேச்சு, வேலை, இந்த நாலுக்கும் மார்க், நோய் எத்தனை வருஷமா இருக்குங்கறதுக்கும் தனியா மார்க் உண்டு. 10 வருஷத்துக்கு மேலன்னா அதுல முழு மார்க், அதனால பழைய ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போங்க. அண்ணன் முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்தா ஒரு தாள்ல எழுதி டாக்டர் கையில குடுத்துடுங்க. அப்புறம் யாராவது நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் 1 லட்சம், கலெக்டர் கமிட்டில சட்டப்படி கார்டியன் போடலாம்னு சொன்னா அலையாதீங்க, அது 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இதுக்குத்தான். அக்கா பையனுக்கு உண்டு, உங்க அண்ணனுக்கு கிடையாது.

சின்னவன்:
தாள் ஐடியா நல்லாருக்கு சார். அக்கா, பேசியிருக்கணும்தான். ஆனா வெளிய வந்து டீ குடிக்கும்போது "நான் கரெக்டா சொன்னேனாடா"ன்னு கேட்டான். "சூப்பரா சொன்ன அண்ணே"ன்னு சொல்லிட்டேன். இப்ப மறுபடி எதுக்குப் போறோம்னு கேப்பான்ல.