புதுப்பிப்பு: எஃப்3ஏ (ரேடியோவால் இயக்கும் மாதிரி விமான சாகசப் போட்டி) இறக்கத்தில் வேகத்தை அடக்குவது

செங்குத்து இறக்கத்தில் விமானம் வேகமெடுத்து, கீழ் வளைவு பெருத்துப்போவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். 'மோட்டாருக்குப் பிரேக் போட்டு ப்ராப்பை (முன்விசிறியை) நிறுத்து' என்ற யோசனை சரிவராது. நின்ற ப்ராப்பைவிட மெதுவாகச் சுற்றும் ப்ராப்புக்கே இழுவை அதிகம். இஎஸ்சியில் (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தியில்) ஆக்டிவ் ஃப்ரீவீலை (த்ராட்டிலைக் குறைத்ததும் மோட்டாரே ப்ராப் வேகத்தை அடக்கும் வசதியை) இயக்கி, த்ராட்டில் ஸ்டிக் அடியில் இருக்கும்போதும் ப்ராப் சுற்றும்படி ஐடிலை (மோட்டாரின் குறைந்தபட்ச வேகத்தை) வையுங்கள். ஐடிலை ரொம்பக் குறைத்தால் வாலுக்குக் காற்று போகாது, ரட்டர் (வாலில் உள்ள திசைத்திருப்பி) மந்தமாகிவிடும். இறக்கத்தில் மூக்கு வயிற்றுப்பக்கம் சாய்கிறதா? த்ராட்டில்-எலிவேட்டர் மிக்ஸில் (த்ராட்டிலோடு சேர்ந்து, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் தானாக அசையும் ரேடியோ அமைப்பில்) அப், அதாவது மேல்பக்கம், 1% போதும். 2% தாண்டினால் மிக்ஸை விட்டு சிஜியை (விமானத்தின் ஈர்ப்பு மையத்தை) பாருங்கள்.

ஏற்றத்துக்கு, மேலே இழுக்கும்போதே த்ராட்டிலைக் கூட்டத் தொடங்குங்கள், வேகம் விழுந்தபிறகு அல்ல. சட்டென்று கூட்டவும் வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்க நடுவருக்குக் காதும் உண்டு. எதிர்காற்றில் கிடைக்கோட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பவர் வேண்டும். அதற்கேற்ப பேட்டரியில் மிச்சம் வையுங்கள்.